எல்லாச் சனிக்கிழமையும்

கிசுமு, கென்யா
3 மே 1998

பிலெமோன்,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு மனமில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். ஊரைவிட்டு ஓடினவர்கள் எல்லோரும் நலமாகத்தான் இருக்கிறார்கள்.

நீ போன விஷயம் எனக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? உன் சபைக்குப் போகிற ஒருத்தி ஊருக்கு வந்தவள், சந்தையில் என்னிடம் மீன் வாங்க நின்றாள். "உங்க தம்பி மலாவிக்கு ஊழியத்துக்குப் போயிருக்காரே, அனாதைப் பிள்ளைங்களப் பாத்துக்க! நீங்கல்லாம் குடுத்து வச்சவங்க" என்றாள். நான் செதிள்கூட எடுக்காமல் மீனை அவள் பையில் போட்டு அனுப்பினேன்.

அனாதைப் பிள்ளையைப் பார்க்க நாலு நாள் பஸ் ஏறிப் போனாயாக்கும். நம் கூடப்பிறந்த மிகலின் பெண் அகோத் என் வீட்டுச் சமையலறையில் மூட்டை மேல் தூங்குகிறாள். அப்பனும் இல்லை, ஆத்தாளும் இல்லை. அவளுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறாய் நீ?

மிகலைப் புதைத்த அன்று மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதாயே, "அகோத் இனிமே எங்க வீட்டுப் பிள்ளை" என்று. ஊரே மூக்கைச் சிந்தியது. எங்க வீடு என்றால் எந்த வீடு, பிலெமோன்? எனக்குக் கல்யாணமாகி பன்னிரண்டு வருஷம். நான் இருப்பது என் புருஷன் வீடு. என் மாமியார் தினமும் உகாலிக் களியைத் தட்டில் வைக்கும்போது, "இந்த வீட்டுச் சோத்துல வேற குலத்துப் பிள்ளை வளருது" என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறாள். அகோத் உடனே கையைத் தட்டிலிருந்து எடுத்துவிடுகிறாள். ஏழு வயசுப் பிள்ளைக்கு இதெல்லாம் புரியாது என்று நினைக்காதே.

இப்போது அவள் சித்தப்பன் ஒகெலோ, சியாயாவிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறான், தான் கூட்டிப் போவதாக. அவன் பெண்டாட்டிக்குக் கைக்குழந்தை. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அதுதான் விஷயம். அவன் வீட்டில் எந்தப் பெண்பிள்ளையும் பள்ளிக்கூடம் பார்த்ததில்லை.

நைரோபியில் உனக்கு இரண்டு அறை வீடு. பக்கத்திலேயே நீ பாடம் நடத்துகிற பள்ளிக்கூடம். திரும்பி வந்ததும் அவளைக் கூட்டிப் போகிறேன் என்று ஒரு வரி எழுது. அதைக் காட்டி ஒகெலோவை நிறுத்தி வைக்கிறேன். நான் சொன்னால் இங்கே யாரும் கேட்க மாட்டார்கள். என் பிறந்த வீட்டில் மிச்சமிருக்கிற ஆம்பிளை நீதான்.

ரிஸ்பா


சலிமா, மலாவி
20 மே 1998

கிறிஸ்துவுக்குள் பிரியமான ரிஸ்பா அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் கோபம்தான் வந்தது. ஜெபித்துவிட்டு எழுதுகிறேன்.

நான் ஓடிவரவில்லை. என்னை சபை அனுப்பியது. எனக்காக எத்தனை பேர் உபவாசம் இருந்தார்கள் என்று உனக்குத் தெரியாது. இங்கே வேலையும் நீ நினைப்பதுபோல் சுகமில்லை. வந்த மறுநாளே சாப்பாட்டுக் கூடத்துக்கு மஞ்சள் பெயின்ட் அடிக்கச் சொன்னார்கள். பழைய பெயின்ட்டைச் சுரண்டினால் நீலம் வருகிறது, அதையும் சுரண்டினால் பச்சை. எங்களுக்கு முன்னால் வந்த ஒவ்வொரு குழுவும் அதே சுவருக்குத்தான் அடித்திருக்கிறது. பிள்ளைகள் எங்களைப் பார்த்ததும் "அசுங்கு! அசுங்கு!" என்று ஓடி வருகின்றன. அப்படியென்றால் வெள்ளைக்காரர்களாம். என் கறுப்பு நிறத்தைப் பார்த்தும் அப்படிச் சொல்கிறார்கள் அக்கா! "ஏண்டா என்னையப் போய் அப்படிக் கூப்புடுறீங்க?" என்று ஒருவனைக் கேட்டேன். "ஷூ போட்டுட்டு வந்து, போட்டோ எடுத்துட்டு, போயிடுவீங்களே, அதான்" என்றான்.

இந்த அனாதை இல்லத்தை நடத்துகிறவர் கச்சாலே என்ற அம்மா. எல்லோரும் அமாயி என்கிறார்கள். ஒரு சாவுக்காக ஊருக்குப் போயிருக்கிறார். அவர் வரும்வரை, சனிக்கிழமைகளில் சொந்தக்காரர்கள் பார்க்க வரும்போது கேட்டில் நிற்கிற பொறுப்பு எனக்கு. நான் வாத்தியார், கண்டிப்பாக இருப்பேன் என்று எங்கள் குழுவைக் கூட்டி வந்த பாஸ்டர் முரீதிக்குத் தெரியும்.

போன சனிக்கிழமை ஒரு ஆள் சைக்கிளில் வந்தார். லூக்கா சிசாலே என்று பெயர். தான்சானியா பக்கம் மீன் பிடித்தவராம், கொஞ்சம் சுவாஹிலி பேசுகிறார். தியமிகே என்கிற சின்னப் பெண்ணைக் கூட்டிப் போக வேண்டும் என்றார். "நீங்க யாரு அவளுக்கு?" என்றேன். "தாய்மாமன்" என்றார். அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு ஒரு தம்பி இருக்கிறார், இங்கேயே சந்தையில் உப்பு விற்கிறார். அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. உரிமையே இல்லாத ஒருவர் வந்து நிற்கிறார். "அப்பன் வீட்டு ஆளக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லி கேட்டைச் சாத்திவிட்டேன். அந்த மனிதர் என்னை ஏதோ விளங்காத பாஷை பேசினவனைப் போலப் பார்த்துவிட்டுப் போனார். பாஸ்டர் என்னைப் பாராட்டினார். பிள்ளை கடத்துகிறவர்கள் இப்படித்தான் வருவார்களாம்.

உனக்கும் அதையேதான் சொல்கிறேன். நான் கல்நெஞ்சன் இல்லை. பிள்ளை அப்பன் வீட்டுக்குச் சொந்தம். நம் அப்பா இருந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார். நாளைக்கு அவளுக்குக் கல்யாணம் பேச, அவள் பிரச்சினைக்கு நிற்க, ஒகெலோ வீட்டார்தான் வர வேண்டும். புதைத்த அன்று நான் பேசியது துக்கத்தில் பேசியது. இந்தக் கடிதத்தை அத்தானிடம் காட்டு. அகோத்தை ஒகெலோவிடம் கொடுத்துவிடு. அதுதான் முறை.

உன் தம்பி
பிலெமோன்

பி.கு: இங்கேயும் ஏரிதான். உங்கள் ஒமேனா மீனை இங்கே உசிபா என்கிறார்கள். மணலில் காய்கிற நாற்றம்கூட அதேதான்.


கிசுமு
5 ஜூன் 1998

பிலெமோன்,

அத்தானிடம் காட்டு என்று எழுதியிருந்தாய். நான் காட்டவே வேண்டியிருக்கவில்லை. தபால் அவர் கையில்தான் கிடைத்தது. பிரித்துப் படித்துவிட்டு, ஏதோ பரீட்சையில் பாஸானவரைப் போல வந்து உட்கார்ந்தார். "உன் தம்பியே சொல்லிட்டான். படிச்சவன். ஊழியக்காரன். இனிமே என்ன?" என்றார். மாமியார் அன்று எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை.

அகோத் தண்ணீருக்குப் போயிருந்தாள். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. "மாமாகிட்டேர்ந்து கடுதாசி வந்துச்சாமே, என்னைப் பத்திக் கேட்டாரா?" என்று கேட்டாள். கேட்டார் என்றேன். "என் பேர எழுதியிருக்காரா?" எழுதியிருக்கார் என்றேன். அது பொய் இல்லையே.

நீ நல்லவன்தான் பிலெமோன். அதுதான் எனக்கு எரிச்சல். கெட்டவனாக இருந்தால் இரண்டு வசவு வைது விட்டுவிடுவேன். நீ ஒவ்வொரு தடவையும் ஒரு முறையைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் நின்றுகொள்கிறாய். அப்பா செத்தபோது அம்மாவை உன்னோடு வைத்துக்கொள்ளாததற்கு ஒரு முறை. மிகல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வராததற்குப் பரீட்சை வேலை. உன் முறையெல்லாம் ஏன் உனக்கு வேலை இல்லாத பக்கமாகவே போகிறது?

அந்த சைக்கிள்காரனைப் பற்றி நினைத்துக்கொண்டே இருக்கிறேன். உரிமை இல்லாத ஆள் எதற்கு வெயிலில் சைக்கிளை மிதித்து வருகிறான்? நீ அதைக் கேட்டாயா?

ஒகெலோ ஒரு சேவலோடு வந்து பேசிவிட்டுப் போனான். இந்த மாதக் கடைசி சனிக்கிழமை, இருபத்தேழாம் தேதி, வந்து கூட்டிப் போகிறானாம். ஒரே ஒரு வரி போதும். "நான் வரும்வரை கொடுக்காதே" என்று நீ எழுதினால் என் வீட்டுக்காரரால் தட்ட முடியாது. நான் தரையில் விழுந்து புரண்டாலும் அது பொம்பிளைப் பேச்சு. நீ ஒரு வரி எழுதினால் அது பிறந்த வீட்டுப் பேச்சு. இதுவும் முறைதான், உன் முறை. எழுது.

ரிஸ்பா


சலிமா
20 ஜூன் 1998

அக்கா,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. படித்ததும் உன்மேல் வந்த கோபத்தில் பதில் எழுதக்கூடாது என்று இருந்தேன். இன்றைக்கு நடந்ததைக் கேள்.

சிசாலே இடையில் ஒரு தடவை வந்தார், நான் மறுபடியும் திருப்பி அனுப்பினேன். இன்றைக்கு மூன்றாவது தடவை வந்தார். நான் கேட்டபடியே அப்பன் வீட்டு ஆளையும் பின்னால் உட்காரவைத்துக் கூட்டி வந்திருந்தார். அந்த உப்பு வியாபாரி கேட்டில் இறங்கியதிலிருந்து சிரித்துக்கொண்டே இருந்தார். "எனக்கு என்ன வாத்தியாரே தெரியும்? எங்கண்ணன் அந்த வீட்டுக்கு வாழப்போன மாப்பிள்ளை. சேவல் எந்த வீட்டுல கூவினாலும் முட்டை கோழிக்குத்தானே? பிள்ளைக்குப் பொறுப்பு அதோ நிக்கிறாரே, அவருதான்" என்றார். உப்பு விற்கிற நேரத்தில் இதற்காக இழுத்து வந்துவிட்டார்கள் என்று சலிப்பு வேறு.

அதற்குள் அமாயி ஊரிலிருந்து வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் பிள்ளைகள் முன்னாலேயே என்னைப் பிடித்தார். "எங்க ஊர்ல பிள்ளை தாய்மாமனோடது. அறுவடை முடிஞ்சு, வீட்டுக்குக் கூரை போட்டதும் வந்து கூட்டிட்டுப் போறேன்னு அவர் என்கிட்ட பேசி வச்சது. உன்னை கேட்டைத் திறக்க நிறுத்தினாங்களா, சாத்த நிறுத்தினாங்களா?" என்றார். எங்கள் ஊரில் வேறு மாதிரி என்று சொன்னேன். "அப்ப உங்க ஊர்ல போய் கேட்ல நில்லு" என்றார்.

தியமிகே ஒவ்வொரு சனிக்கிழமையும் துணியை மூட்டை கட்டிக்கொண்டு மாமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். நான் விளையாடுகிறாள் என்று நினைத்தேன். மாமா வருவதையும், கேட்டிலிருந்து திரும்பிப் போவதையும் அவள் இரண்டு சனிக்கிழமையும் பார்த்திருக்கிறாள். இன்றைக்கு அவர் உள்ளே வந்தபோது முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். அந்த மனிதர் அவள் எதிரில் குந்தி உட்கார்ந்தார். இங்கே பெரியவர்களிடம் மன்னிப்புக் கேட்கும்போது உள்ளங்கைகளைக் குவித்து மெல்லத் தட்டுவார்கள். அப்படித் தட்டினார். ஐந்து வயசுப் பிள்ளைக்கு. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்களும் தட்டுங்க வாத்தியாரே. சாத்தினது நீங்கதானே?" என்றார். எங்கள் குழு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்து தட்டினேன்.

போகும்போது கேட்டார். "உங்களுக்குக் கூடப்பிறந்தவங்க உண்டா?" ஒருத்தி இருக்கிறாள், ஒருத்தி இறந்துவிட்டாள் என்றேன். "செத்தவங்களுக்குப் பிள்ளை?" ஒரு பெண் என்றேன். "அது அப்பன் வீட்டுப் பிள்ளை, இல்லியா?" ஆமாம் என்றேன். "அப்ப உங்க ஊர்ல தாய்மாமனுக்கு என்னதான் வேலை?" அவர் குத்தலாகக் கேட்கவில்லை அக்கா. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் கேட்டைத் திறந்து பிடித்தேன். "நீங்க எதுக்கு இங்க வந்தீங்க?" என்றார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் சைக்கிள் ஆடியது, பின்னால் உட்கார்ந்திருந்த தியமிகேயும் ஆடினாள்.

எனக்கு இன்னும் உன்மேல் கோபம்தான். ஆனாலும் எழுதுகிறேன். அத்தான், இது உங்களுக்கு: நான் வரும்வரை அகோத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். இது அவள் தாய்மாமன் பேச்சு.

தபாலில் போட்டால் இருபத்தேழுக்குள் சேராது. உங்கள் சந்தை முனையில் இருக்கிற தையல்கடை போனுக்கு மூன்று தடவை முயன்றேன், லைன் இந்த நாட்டுத் தலைநகர் லிலோங்வேயைத் தாண்டவே இல்லை. முன்னதாகக் கிளம்புகிறேன் என்று பாஸ்டரிடம் கேட்டேன். எல்லோர் பாஸ்போர்ட்டும் அவர் பெட்டியில் இருக்கிறது. "குழுவா வந்தோம், குழுவாத்தான் போவோம் பிரதர். இது பிசாசோட தந்திரம். வழியனுப்பு விழாவுல நீங்கதானே பாடணும்?" என்கிறார். வழியனுப்பு விழாவுக்கு முன்னால் வெளிச்சுவருக்கும் பெயின்ட் அடிக்க வேண்டுமாம். தார் எஸ் சலாம் போகிற லாரி டிரைவர் ஒருவரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்து அனுப்புகிறேன். அங்கிருந்து யாராவது கிசுமுவுக்கு வருவார்கள் என்று சொல்கிறார். சொல்கிறார், அவ்வளவுதான்.

கொடுக்காதே அக்கா.

பிலெமோன்


கிசுமு
28 ஜூன் 1998

பிலெமோன்,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஒகெலோ நேற்று வந்தான்.

நேரத்தை ஓட்டுவதற்காகச் சமையலை இழுத்தேன். மீனைத் திரும்பத் திரும்பப் புரட்டினேன். என் வீட்டுக்காரர் உன் கடிதத்தை எடுத்து ஒகெலோவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினார். நல்லவேளை, அகோத் அப்போது கொல்லைப்புறத்தில் என் சின்னவனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். ஒகெலோ கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். வந்தான், சாப்பிட்டான், நன்றி சொன்னான். ஒரு வேலைக்காரியைக் கூட்டிப் போக வந்தவனைப் போல அவள் கைகளைப் பார்த்தான்.

அவளிடம் நான் என்ன சொல்ல? "மாமா எழுதியிருக்கார், சித்தப்பா வீட்டுல கொஞ்ச நாள் இருக்கணுமாம், மலாவியிலேர்ந்து வந்ததும் உன்னைப் பார்க்க வராராம்" என்றேன். பொய். அதை மெய்யாக்குவதோ விடுவதோ இனி உன் பாடு.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் எதையாவது உடைத்திருப்பேன். "மாமா எழுதினதை எனக்குக் குடு பெரியம்மா" என்றாள். எதற்கு என்றேன். "என் பேர் இருக்குன்னு சொன்னியே." உன் கூட்டெழுத்து அவளுக்குப் படிக்க வராது. பேரை மட்டும் கண்டுபிடித்தாள், விரலால் தொட்டாள். என்னால் மறுக்க முடியவில்லை. அந்தக் கடைசித் தாளைக் கொடுத்துவிட்டேன். "அகோத்தை ஒகெலோவிடம் கொடுத்துவிடு. அதுதான் முறை." அதை நாலாக மடித்து, எட்டாக மடித்து, உள்பாவாடை முடிச்சில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

எல்லாப் பழியும் உன்மேல் இல்லை. நானும் அவள் கையை இறுக்கிப் பிடித்து நிறுத்தவில்லை. எனக்கு மூன்று பிள்ளைகள், இந்த வீட்டில்தான் வாழ வேண்டும். ஆனால் என்னிடம் சாக்கு இருக்கிறது. உன்னிடம் இரண்டு அறை இருக்கிறது.

இதற்குப் பதில் எழுதாதே. உன் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

ரிஸ்பா


சியாயா
18 ஜூலை 1998

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை.

புதன்கிழமை நைரோபி வந்து சேர்ந்தோம். சபையில் மாலை போட்டார்கள், சாட்சி சொல்லச் சொன்னார்கள். கேட்டில் நின்றதைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார் பாஸ்டர். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். உன் கடிதம் வீட்டுக் கதவடியில் கிடந்தது. லாரியில் போன என் கடிதம் உனக்கு இன்னும் வந்திருக்காது. ஒருவேளை ஒருநாள் வரலாம். வந்தால் அடுப்பில் போடு.

இன்றைக்குச் சியாயாவில் ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஒகெலோ வீட்டுக்குப் போனேன். வழி முழுக்க மேடு. சிசாலே எப்படித்தான் சிரித்துக்கொண்டு மிதித்தாரோ.

ஒகெலோ வேலியிலேயே நிறுத்திவிட்டான். "வாங்க மச்சான்! உங்க லெட்டரக் கேட்டேன். ரொம்ப நல்லா எழுதுறீங்க" என்றான். எழுதியது தப்பு, பிள்ளையைக் கூட்டிப் போக வந்திருக்கிறேன் என்றேன். அவன் அவசரமே படவில்லை. "அதுக்கென்ன, முறைப்படி செஞ்சிடலாம். அப்பன் வீட்டு ஆளக் கூட்டிட்டு வாங்க" என்றான். பிறகு நெஞ்சில் கைவைத்து, "அட, அது நான்தானே!" என்று சிரித்தான். உள்ளே அவன் பெண்டாட்டியும் சிரித்தாள். நான் கெஞ்சினேன் அக்கா. கத்தினேன். கத்தியபோது அவன் நாற்காலி கொண்டுவந்து போட்டு எனக்குக் கஞ்சி கொடுத்தான். அவன்மேல் எந்தத் தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. டிசம்பரில் பெரியவர்கள் கூடுவார்களாம், அப்போது பேசலாமாம். அதுவரை விருந்தாளியாக வந்து வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போகலாமாம்.

ஜனவரியில் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பாயா என்று கேட்டேன். "வாத்தியார் மச்சான் இருக்கீங்க, சேக்காம இருப்பேனா? லெட்டர் எழுதுற அளவுக்காவது படிக்கட்டும்" என்றான்.

அகோத் வந்தாள். முதுகில் அவன் குழந்தை. குழந்தை அவளில் பாதி இருக்கிறது. மெலிந்திருக்கிறாள். நான் குந்தி உட்கார்ந்து உள்ளங்கைகளைக் குவித்துத் தட்டினேன். "என்ன மாமா, கொசு அடிக்கிறீங்களா?" என்றாள்.

பிறகு முடிச்சை அவிழ்த்து அந்தத் தாளை எடுத்தாள். மடிப்பெல்லாம் கிழியத் தொடங்கிவிட்டது. பேரின்மேல் விரலை வைத்தாள். "இது நான்தானே?" ஆமாம் என்றேன். "இதுக்குப் பக்கத்துல என்ன போட்டிருக்கு? பெரியம்மா படிச்சுக் காட்டவே இல்ல. சித்தப்பாவக் கேட்டா சிரிக்கிறாரு."

என் கையெழுத்து அக்கா. நான் எழுதிய எழுத்து. அதைப் பார்த்துக்கொண்டு, "சனிக்கிழமை வருவேன்னு போட்டிருக்கு" என்றேன்.

அவள் தாளைக் கண்ணருகே கொண்டுபோய் உற்றுப் பார்த்தாள். "எந்தச் சனிக்கிழமைன்னு போடலியா?"

"எல்லாச் சனிக்கிழமையும்னு போட்டிருக்கு."

தலையாட்டிவிட்டு அதை மறுபடியும் எட்டாக மடித்துச் செருகிக்கொண்டாள். கொடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சைக்கிள் கடைக்காரரிடம் ஒவ்வொரு வாரமும் வருவேன் என்று சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை நைரோபியில் பஸ் ஏறினால் காலையில் இங்கே வந்துவிடலாம். டிசம்பரில் பெரியவர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை. அவர்களுக்குச் சொல்ல என்னிடம் எந்த முறையும் இல்லை. வந்து நிற்பது மட்டும்தான் இருக்கிறது.

அவள் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்றுதானே நீ ஆரம்பத்திலிருந்து சண்டை போட்டாய்? அவன் அவளைச் சேர்த்துவிடுவானோ என்று இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. கூட்டெழுத்து படிக்க அவள் பழகுவதற்குள் எப்படியாவது அவளை என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட வேண்டும்.

பிலெமோன்